இரண்டு விடுமுறைகளும் துவளும் புரதங்களும்

1906-இல் பெர்லின் அருகே ஆல்ஃப்ரெட் வில்ம் என்ற உலோகவியலாளர் அலுமினியத்தில் கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்து, அதன் கடினத்தை அளந்தார். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. வார விடுமுறை கழிந்து மறுபடி அளந்தால், யாரும் தொடாத அந்தத் துண்டு தானாகவே இறுகியிருந்தது! டூராலுமின் என்று பெயர் பெற்ற அந்தக் கலவையை வைத்துத்தான் பிற்காலச் செப்பலின் வான்கப்பல்களின் சட்டகங்கள் எழும்பின.

ஏன் இறுகியது என்பதற்கு 1938 வரை நேரடிச் சான்று கிடைக்கவில்லை. அந்த ஆண்டு பாரிஸில் ஆந்த்ரே கினியே அலுமினியம்-செம்புக் கலவையில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். செம்பு அணுக்கள் ஓரிரு அணுத் தடிமனில் தட்டுத் தட்டாகத் திரண்டிருந்தன. (இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்பவரும் அதே ஆண்டில் இதையே கண்டார், பெருமையைப் பங்குபோட வேண்டியதாயிற்று.) நேர்க்கதிரை ஒட்டி, மிகச் சிறிய கோணங்களில் மங்கலாகச் சிதறுவதிலும் சேதி உண்டு என்பது கினியேவுக்குப் புரிந்தது. அந்த மங்கல் எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதிலிருந்து துகளின் பருமனைக் கணக்கிட ஒரு வாய்ப்பாடும் தந்தார். துகள்கள் படிகமாக அடுக்கப்பட்டிருக்க வேண்டாம்; தண்ணீரில் மிதந்தாலே போதும்.

புரத ஆய்வாளர்கள் அதற்குள் வேறு பாதையில் போய்விட்டிருந்தார்கள். அதற்குக் காரணமும் ஒரு விடுமுறைதான். உப்சாலாவில் ஜான் ஃபில்பாட் பெப்சின் என்ற புரதத்தின் கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்குக்குப் போனார். திரும்பியபோது உள்ளே பெரிய பெரிய படிகங்கள். அங்கே வந்த கிளென் மில்லிகன் சிலவற்றைக் கோட்டுப் பையில் போட்டுக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். 1934-இல் பெர்னலும் டோரத்தி குரோஃபுட்டும் அவற்றை உலரவிடாமல் எக்ஸ் கதிரால் படமெடுத்தார்கள். புரதப் படிகவியலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

ஆனால் படிகத்தில் வரிசைகட்டி நிற்கச் சம்மதிக்கும் புரதங்களுக்குத்தான் அங்கே படம் விழும். இறுகிய உருண்டைகளை நெகிழ்ந்த இழைகளால் கோத்தது போன்ற புரதங்களும், அவை நாலைந்தாகச் சேரும் கூட்டுகளும் அடங்கி நிற்பதில்லை. நின்றாலும், துவளும் பகுதி படத்தில் மறைந்துவிடும்.

அவற்றுக்குக் கைகொடுத்தது கினியேயின் மங்கல். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ கிராட்கி அதற்கென்றே ஒரு கேமரா செய்தார். ஒரு பூட்டுத் தொழிலாளி 1922-இல் தொடங்கிய ஆன்டன் பார் பட்டறை அதைத் தயாரித்து விற்றது. கிராட்கி பெயரால் வழங்கும் வரைபடத்தில் இறுக மடிந்த புரதம் மேடாக ஏறி இறங்கும். துவளும் புரதம் இறங்க மறுக்கும். கணக்குக்குக் கரைசலின் அடர்த்தியும் துல்லியமாக வேண்டியிருந்தது. அதற்கென அவர் குழு உருவாக்கிய அதிர்குழாய் அளவி 1967-இல் சந்தைக்கு வந்து, பீர் ஆலைகளில் நிரந்தர வேலை வாங்கிக்கொண்டது.

மங்கலைப் பதிய வலுவான கதிரும் வேண்டுமே. ஹாம்பர்க்கின் துகள் முடுக்கியில் வளைந்தோடும் எலக்ட்ரான்கள் கக்கும் எக்ஸ் கதிர், துகள் இயற்பியலாளர்களுக்கு வெறும் விரயம். 1970-இல் ரோசன்பாமும் ஹோம்ஸும் அதன் முன்னே ஒரு பூச்சியின் பறப்புத் தசையை வைத்துப் பார்த்தார்கள். பிறகு உயிரியலாளர்கள் அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

மாஸ்கோவிலிருந்து அங்கே வந்த திமித்ரி ஸ்வெர்குன், சிதறல் வளைவிலிருந்து உருவத்தை மீட்கும் நிரலை 1999-இல் வெளியிட்டார். கணினியில் குவித்த மணிகளை, வளைவு பொருந்தும்வரை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அந்தத் தேடல் உத்தி, சூடான உலோகம் மெல்ல ஆறுவதைப் பார்த்து ஐபிஎம் ஆய்வாளர்கள் 1983-இல் அமைத்தது. மறுபடியும் உலோகம்தான்!

ஓயாமல் அசையும் புரதத்துக்கு ஒரே உருவம் சொல்வது பொய். 2007-இல் பெர்னாடோவும் ஸ்வெர்குன் குழுவும் ஆயிரக்கணக்கான நிலைகளைக் கணினியில் உருவாக்கி, எந்தச் சிலவற்றின் சராசரி அளந்த வளைவோடு ஒத்துப்போகிறதோ அவற்றைப் பொறுக்கியெடுத்தார்கள். அதே ஆண்டு, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தைக் கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட் குழுவினர் ஹாம்பர்க் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். நான்கு பி53 சேர்ந்த கூட்டு, கரைசலில் பெரும்பாலும் சிலுவைபோல விரிந்தே கிடந்தது. டிஎன்ஏ வந்ததும் அதைச் சுற்றி மூடிக்கொண்டது. டிஎன்ஏ இல்லாத கூட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதோ, அபூர்வமாகச் சுருங்கியிருந்த சிறுபான்மை மட்டுமே அகப்பட்டது.