அரங்கேற்றம்
பட்டர்வொர்த்தில் ‘அரங்கேற்றம்’ என்றதும் பரதநாட்டிய அழைப்பிதழ்தான் நினைவுக்கு வரும். புலவர்களுக்கோ அது நூலை அவையேற்றுவது. அறிந்தோர் முன் படித்துக்காட்டி, தடைகளுக்கு விடை சொல்லி ஒப்புதல் பெறுவது. தொல்காப்பியத்தை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் கேட்டவர் அதங்கோட்டாசான் என்கிறது பனம்பாரனார் பாயிரம்.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதை இன்று ‘சமர்ப்பித்தல்’ என்கிறோம். அதில் காணிக்கை இருக்கிறது, கேள்வி இல்லை. எனக்குப் பழைய சொல்லே பிடிக்கிறது. படகுத்துறையில் ஒரு மாணவி, மடிக்கணினியில் தன் கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்து பெயரை அழித்துக்கொண்டிருந்தார். எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. அதங்கோட்டாசான் முகம் பார்த்துக் கேட்டார். இந்த அவைக்கு முகமில்லை.

பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள் 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ ஆய்விதழைத் தொடங்கியதும் தமிழாய்வை உலக அவையில் ஏற்றத்தான்.