கழித்துப் போட்ட கணினிகளும் நான் சொன்ன ஒரு பதிலும்



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது. தென்காசியில் வீட்டு மாடியில் நின்று மலையைப் பார்த்தபோது, பல வருஷமாக மனதை உறுத்தும் ஒன்றை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

1980களில் வானிலையைக் கணிக்க, கோடிக்கணக்கில் விலையுள்ள கிரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்காவிடமிருந்து வாங்கி டெல்லியில் வைத்தோம். பிறகு புனே சி-டாக், சிறு செயலிகள் பலவற்றை இணைத்து 1991ல் பரம் 8000ஐ உருவாக்கியது. 1994ல் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும், கடையில் கிடைக்கிற 16 சாதாரணக் கணினிகளைக் கேபிளால் இணைத்தார்கள். அதற்குப் பெயர் பேவுல்ஃப்.

அதன் தம்பிதான் எனக்குப் பிடித்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் இருவரும் இதுபோல ஒன்றுக்குப் பணம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அலுவலகங்கள் கழித்துப் போட்ட கணினிகளைச் சேர்த்தார்கள். வெறும் கல்லை வேகவைத்த வழிப்போக்கனுக்கு ஊரார் ஆளுக்கொரு காய் போட, அது நல்ல சூப்பான கதையை வைத்து அதற்குப் பெயரும் சூட்டினார்கள். 2001க்குள் 130க்கும் மேற்பட்ட கணினிகள். அமெரிக்க நிலப்பரப்பை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாக்கி, 78 லட்சம் கட்டங்களின் வெப்பம், மழை, மண் விவரங்களை ஒப்பிட்டு, ஒத்த நிலங்களை இனம் பிரித்தார்கள்.

பழைய கணினி மெதுவாக ஓடுமே? வகுப்பில் நான் செய்ததுதான் அங்கேயும். முடித்தவன் வந்து அடுத்த கணக்கை வாங்கிக்கொள்வான். வேகமானவனுக்குப் பத்து, மெதுவானவனுக்கு மூன்று. யாரும் சும்மா இருக்க மாட்டான். மின்சாரச் செலவு கூடும், அது உண்மை. ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

இனி என் கதை. நான் வேலை பார்த்த பள்ளியில் பழைய கணினிகளைக் கழித்தபோது, பிளஸ் டூ பையன் ஒருவன், "சார், இதையெல்லாம் ஒண்ணா இணைச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். "போடே, பரீட்சைக்குப் படி" என்றேன். பட்டியலில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். எல்லாம் எடைக்குப் போனது. ஓக் ரிட்ஜ் கதையைப் படித்தது அதற்குப் பிறகுதான்.

தம்பி, இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. நீ கேட்டது சரியான கேள்வி. பதில்தான் தப்பு.

வீட்டில் இரண்டு பழைய லேப்டாப் கிடக்கிறது. சாரல் முடிவதற்குள் ஊருக்கு வந்தால், உட்கார்ந்து இணைத்துப் பார்ப்போம். இந்த முறை நீ சொல்லிக்கொடு.