'ஆல்' விடுபட்ட வாக்கியம்: கல்கத்தா, 1922 டிசம்பர்

இந்திய நவீன ஓவியம் பற்றிய நூல்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். 1922 டிசம்பரில் கல்கத்தாவில் பௌஹவுஸ் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவ்வளவுதான். இலக்கணம் நடத்திப் பிழைப்பவள் என்பதால் எனக்கு அந்த 'வைக்கப்பட்டன' உறுத்தும். செயப்பாட்டு வினையில் செய்தவருக்கு 'ஆல்' உருபு கொடுத்து எழுதலாம், விட்டுவிட்டும் எழுதலாம். விட்டாலும் வாக்கியம் பிழையாகாது. பெண்கள் செய்த எத்தனையோ காரியங்கள் இப்படித்தான் பிழையில்லாத வாக்கியங்களுக்குள் காணாமல் போயிருக்கின்றன.

அந்தக் கண்காட்சியை நடத்தியது இந்தியக் கீழைக்கலைச் சங்கம். 1907இல் தொடங்கிய சங்கம் அது. தாகூர் குடும்பத்து ஓவியர்களும் அவர்களை ஆதரித்த ஆங்கிலேய அதிகாரிகளும் அதில் கூடினார்கள். 1922இல் நடந்தது அதன் பதினான்காவது ஆண்டுக் கண்காட்சி. இடம், ஹாக் மார்க்கெட் பக்கத்திலிருந்த சமவாய மேன்ஷன் என்ற கட்டடம். துர்கா பூஜை விடுமுறை முடிந்து பனி இறங்கத் தொடங்கினால் கல்கத்தாவுக்கு அடுத்த திருவிழா கிறிஸ்துமஸ். வங்காளிகள் அதைப் 'பொரோதின்', பெரிய நாள், என்பார்கள். தலைநகரம் தில்லிக்குப் போனபிறகும் அந்த நகரம் தன் குளிர்காலக் கொண்டாட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. குதிரைப் பந்தயம், சர்க்கஸ், மார்க்கெட்டில் கேக் வாங்கும் கூட்டம், இவற்றோடு ஓவியக் கண்காட்சியும் ஒன்று. சென்னைக்கு மார்கழிக் கச்சேரிகள் எப்படியோ அப்படி.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் பெரிய நாள் இப்படி இருக்கவில்லை. 1921 டிசம்பர் 24 அன்று வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது நகரம் கடையடைத்து அவரை வரவேற்க மறுத்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 7 அன்று, பாசந்தி தேவி, ஊர்மிளா தேவி, சுனிதி தேவி மூவரும் தெருவில் கதர் விற்றுக் கைதானார்கள். மதிப்பான வீட்டுப் பெண்கள் போலீஸ் வண்டியில் ஏறிய காட்சி வங்காளத்தை உலுக்கியது. அடுத்த டிசம்பரில் இயக்கம் நிறுத்தப்பட்டிருந்தது, காந்தி எரவாடா சிறையில் இருந்தார், கடைகளில் மீண்டும் விளக்கு எரிந்தது. தெருவுக்கு வந்த பெண்களைப் பார்த்துவிட்ட அந்த நகரம், சுவரில் மாட்டிய படங்களுக்குப் பின்னால் இருந்த பெண்களை எப்படிப் பார்த்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் விடுபட்ட அந்த 'ஆல்'. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அப்போது 26 வயதுப் பெண். மொராவியாவில் பிறந்து, வியன்னா பல்கலைக்கழகத்தில் 1919இல் முனைவர் பட்டம் பெற்றவர். ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்குக் கலை வரலாறு கற்பிக்க வந்திருந்தார். ஜெர்மனியின் வைமர் நகரில் இயங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியின் ஆசிரியர் யொஹான்னஸ் இட்டனுக்கு 1922 மே மாதம் கடிதம் எழுதி, படங்களை அனுப்பச் சொன்னவர் அவர்தான். காண்டின்ஸ்கி, பால் க்ளே, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோரின் நீர்வண்ணங்களும் அச்சோவியங்களும் கப்பலேறி வந்தன. பட்டியலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. வைமரில் பௌஹவுஸ் தன் பெரிய பொதுக் கண்காட்சியை நடத்தியது 1923 ஆகஸ்டில். அதற்கு எட்டு மாதம் முன்பே கல்கத்தாக்காரர்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் க்ளேயைப் பார்த்துவிட்டார்கள். ஒரு பெண் கேட்டு வாங்கினார் என்பதால் நடந்த காரியம் இது. பிற்காலத்தில் இந்துக் கோயில் கட்டடக்கலை பற்றிய மகத்தான நூலை எழுதியவராகக் கிராம்ரிஷை நாம் அறிவோம். இந்த டிசம்பரை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்லை.

பௌஹவுஸிலிருந்து வந்த படங்களில் பெண்கள் வரைந்தவையும் இருந்தன. மார்கிட் தேரி-ஆட்லர், சோஃபி கோர்னர் என்ற இரண்டு பெயர்கள் பட்டியலில் உண்டு. அந்த இரண்டு பெயர் அங்கே வந்து சேர்ந்ததே சாதாரணமில்லை. 1919இல் பௌஹவுஸ் தொடங்கியபோது ஆண் பெண் வேறுபாடு இருக்காது என்று வால்டர் க்ரோப்பியஸ் அறிவித்தார். நம்பி வந்தார்கள். முதல் பருவத்தில் 84 பெண்கள், 79 ஆண்கள். அடுத்த ஆண்டே அவருக்குப் பயம் வந்துவிட்டது. பெண்களைச் சேர்ப்பதில் கறார் வேண்டும் என்றார், சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். கண்ணாடிப் பட்டறையை விரும்பிய ஆன்னி ஆல்பர்ஸ் தறிக்குப் போனது இப்படித்தான். அந்தத் தறியிலேயே அவரும் குண்டா ஸ்டோல்ஸ்லும் நூற்றாண்டின் பெரும்படைப்புகளை நெய்தார்கள் என்பது அந்தக் கதவு மூடியதற்குச் சமாதானமாகாது.

இனி கல்கத்தாவின் சொந்த வீட்டுக்குள் வருவோம். அதே கண்காட்சியில் ககனேந்திரநாத் தாகூரின் கியூபிசப் படங்கள் இருந்தன. அவனீந்திரநாத் அந்தச் சங்கத்தின் உயிர்நாடி. இருவருக்கும் தங்கை ஒருத்தி, சுனயனி தேவி. அவர் படங்களும் அங்கே இருந்தன.

சுனயனி 1875இல் ஜோராசாங்கோ வீட்டில் பிறந்தார். பன்னிரண்டு வயதுவாக்கில் மணம். தூரிகையைத் தொட்டபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது, கையில் ஒரு குடும்பம். அவனீந்திரநாத்துக்குக் கற்பிக்க கில்ஹார்தி என்ற இத்தாலியரும் பாமர் என்ற ஆங்கிலேயரும் இருந்தார்கள். 1903இல் யோகோயாமா தைகான் ஜப்பானிலிருந்து வந்து தங்கியபோது அண்ணன்மார் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றார்கள். தங்கைக்கு ஆசிரியர் இல்லை. அவர் வீட்டு வேலைகளை மேற்பார்த்தபடியே வரைந்தார். கறுப்பிலோ சிவப்பிலோ கோடிழுத்து, நீர்வண்ணம் பூசி, தாளைத் தண்ணீரில் முக்கி எடுப்பார். வண்ணம் தாளுக்குள் இறங்கிவிடும். நீண்ட கண்கள், தட்டையாக விரியும் முகம், தலையிலிருந்து வழியும் சேலை. கிருஷ்ணனும் யசோதையும், பால்காரப் பெண்கள், அர்த்தநாரீசுவரர். கனவில் கண்டவற்றை வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

தாளைத் தண்ணீரில் முக்குவதை மட்டும் சற்று யோசித்துப் பாருங்கள். அவனீந்திரநாத் அதைச் செய்தால் ஜப்பானியரிடமிருந்து பெற்று மாற்றியமைத்த உத்தி என்று அத்தியாயம் எழுதுகிறோம். சுனயனி செய்தால் உள்ளுணர்வு என்கிறோம். ககனேந்திரநாத்தின் கோணங்களைப் பற்றி 'ரூபம்' இதழில் 1922இல் கட்டுரை எழுதி அவரை இந்தியக் கியூபிஸ்ட் என்று அழைத்தவர் இதே கிராம்ரிஷ். தங்கையைப் பற்றியும் அவர் எழுதினார், 1925இல், 'சிசரோனே' என்ற ஜெர்மன் இதழில். அன்போடு எழுதினார், மதித்து எழுதினார். ஆனால் அண்ணனுக்குக் கிடைத்தது ஒரு கோட்பாடு, தங்கைக்குக் கிடைத்தது கள்ளமின்மை. கிராமத்தின் எளிமை, மரபின் தூய ஊற்று. பின்னால் வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். கிராமியப் படங்களின் பக்கம் திரும்பியதற்காக ஜாமினி ராய் கொண்டாடப்படுகிறார். அவருக்கு முன்பே அந்தத் திசையில் நடந்த பெண்ணை 'தானாக வரைந்தவள்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ராய் தேர்ந்து செய்ததாகவும், சுனயனிக்கு அது வாய்த்ததாகவும் ஒரு கணக்கு.

'தானாகக் கற்றவள்' என்ற சொல்லை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். பூட்டிய கதவு ஒன்று அங்கே இருந்தது என்பதைச் சொல்லாமல், வெளியே நின்றவளின் குணமாக அதை மாற்றிவிடுகிறது அந்தச் சொல். இத்தனைக்கும் தாகூர் குடும்பம் பெண்களை எழுத விட்ட குடும்பம். ஸ்வர்ணகுமாரி தேவி நாவல் எழுதினார், 'பாரதி' இதழை நடத்தினார். எழுதுகோலுக்குத் திறந்த அளவு தூரிகைக்கு அந்த வீடு திறக்கவில்லை. எழுத்தை இரவில் ஒளித்து வைக்கலாம். வண்ணத்துக்கு வெளிச்சம் வேண்டும், விரித்து வைக்க இடம் வேண்டும், ஈரம் காயும்வரை யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

பெயரையும் கவனியுங்கள். பட்டியலில் அண்ணன்மார் தாகூர்கள், அவர் வெறும் 'தேவி'. மணமான வீட்டின் சட்டோபாத்யாய என்ற பெயரும் இல்லை. அன்றைய வங்காளத்தில் பிராமணப் பெண்ணின் பெயருக்குப் பின் தேவி, மற்றப் பெண்களுக்குப் பெரும்பாலும் தாசி. சாதியை மட்டும் ஒட்டவைத்து, வம்சத்தையும் வீட்டையும் உருவிவிடும் பின்னொட்டு. பட்டியலைப் புரட்டும் அந்நியர் ஒருவருக்கு இவர் அவர்களின் தங்கை என்று தெரியவே தெரியாது. அப்பாவின் முன்னெழுத்தைக் கழற்றிக் கணவரின் முன்னெழுத்தை மாட்டிக்கொண்டதில் சான்றிதழ்களைத் திருத்த அலைந்த என் தோழிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் முன்பு பணிபுரிந்த கல்லூரி ஒன்றில் பொங்கல் விடுமுறைக்கு முன் மாணவர் கண்காட்சி நடக்கும். பெரிய அரங்கில் ஓவியங்கள், வெளியே நடைபாதையில் மேசை போட்டு எம்பிராய்டரி, குரோஷே, வரிசை வரிசையாகக் கோல நோட்டுகள். அரங்குக்கு 'ஓவியம்' என்று பலகை, மேசைக்குக் 'கைவேலை' என்று அட்டை. புள்ளி எண்ணி நெளி போட்டு ஒரு கோட்டையும் தூக்காமல் முடித்த முப்பது புள்ளிக் கோலத்தின் கீழே வரைந்தவள் பெயர் எழுதச் சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த கோலத்துக்கு எதற்குப் பெயர் என்று மறுத்தது அந்தப் பெண்ணேதான். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இன்று அந்தப் பதிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பட்டியல் நீளமானது என்று தெரிகிறது. வங்காளப் பெண்கள் நோன்புக்கு இடும் ஆல்பனாக் கோலங்களைத் திரட்டி 1919இல் அவனீந்திரநாத் ஒரு நூலே எழுதினார், 'பாங்லார் பிரத'. அருமையான நூல், சந்தேகமில்லை. நூலுக்கு ஆசிரியர் ஒருவர், கோலத்துக்கு 'வங்காளம்' என்ற ஊர்ப்பெயர்.

அதற்காகச் சுனயனியைப் பாவப்பட்டவராக்கவும் எனக்கு விருப்பமில்லை. சமையலுக்கும் துவைப்புக்கும் ஆள் வைத்திருந்த ஜமீன் குடும்பத்துப் பெண் அவர். கணவர் ஊக்கப்படுத்தினார். அண்ணன்மார் நடத்திய சங்கத்தின் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவருக்குக் 'கிராமியம்' என்று பட்டம் கொடுத்ததிலேயே ஒரு வர்க்கப் பொய் இருக்கிறது. காளிகாட்டில் கோயில் வாசலில் விற்ற பட ஓவியங்களுக்கு வண்ணம் நிரப்பிய பட்டுவா வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பட்டியலுக்குள் வரவில்லை, தேவியாகவும் இல்லை, தாசியாகவும் இல்லை. கிராமத்துக் கையெழுத்து கண்காட்சிக்கு வர ஜோராசாங்கோவின் பெண் வழியாகத்தான் வர முடிந்தது.

1929இல் அவனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தார். கல்கத்தாவின் அந்தச் சுவர்கள் நம்மூரை வந்தடைந்தது அப்படி. குருவின் பெயர், குருவின் குரு பெயர் எல்லாம் கூடவே வந்தன. எந்தப் பள்ளியிலும் படிக்காத, எந்தப் பள்ளியிலும் கற்பிக்காத பெண்ணுக்குச் சீடர்கள் எங்கிருந்து வருவார்கள்?

2013இல் ஜெர்மனியின் தெசாவ் நகரில் இந்த 1922 கண்காட்சியை நினைவுகூர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். கிராம்ரிஷும் சுனயனியும் அதன்பிறகு கொஞ்சம் அதிகமாகப் பேசப்படுகிறார்கள். ஜோராசாங்கோவில் அண்ணன்மாரின் ஐந்தாம் எண் வீடு இப்போது இல்லை. அவர்கள் உட்கார்ந்து வரைந்த தெற்குத் தாழ்வாரம் மட்டும் ஒரு புத்தகத் தலைப்பாக நிற்கிறது. அவனீந்திரநாத்தின் பேரன் மோகன்லால் கங்கோபாத்யாய எழுதிய 'தக்ஷிணேர் பாரந்தா'. தெற்குத் தாழ்வாரம் என்றுதான் பொருள். தங்கை எந்தப் பக்கம் உட்கார்ந்து வரைந்தார் என்பதை அந்தத் தலைப்பிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

இந்தப் பருவம் முதலாண்டு மாணவிகளுக்குச் செயப்பாட்டு வினை நடத்தும்போது அந்தப் பழைய வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதினேன். 'ஆல்' சேர்த்து எழுதுங்கள் என்றேன். கிராம்ரிஷின் பெயரைச் சொல்லியிருந்ததால் எழுதிவிட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "மேம், படம் மாட்ட ஆணி அடிச்சவங்க பேரும் எழுதணுமா?" என்றாள். வகுப்பு சிரித்தது. எழுதணும் என்றேன். மணி அடித்துவிட்டது.