இறப்பரும் காரீயமும் சந்தித்த கதை

அழுத்தினாலும் இழுத்தாலும் அதை உணர்ந்து சொல்லும் பஞ்சுகள் இன்று வந்துவிட்டன. பஞ்சு நசுங்கும்போது அதனூடாகச் செல்லும் மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தை அளந்து, விரல் எவ்வளவு மடங்கியது என்பதைக்கூட அறியலாம். கேட்கப் புதுமையாக இருந்தாலும் இதன் வேர்கள் பழையவை. ஒரு வேர் நமது நாட்டிலும் ஓடுகிறது.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கு முளைத்தவற்றில் 1,900க்கும் அதிகமான கன்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹா, ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் எடிசன், தொலைபேசிக்காக விளக்குக் கரியைச் சிறு வில்லையாக்கிப் பரிசோதித்தார். குரலின் அதிர்வு கரியை அழுத்தும்போது அதன் மின்தடை குறைந்தது. அழுத்தத்தை மின்சாரத்தால் அறியும் வழி அப்போதே திறந்துவிட்டது.

1929இல் பர்மிங்ஹாமில், டன்லொப் ஆய்வுகூடத்தில், மர்பி என்பவர் இறப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல நுரைக்க அடித்தார். இறப்பர் பஞ்சு பிறந்தது. பின்னர் இரசாயன முறையில் செய்த பொலியூரித்தேன் பஞ்சும் வந்தது.

நுரையும் கரியும் ஒன்றுசேர இன்னும் காலம் எடுத்தது. காரீயத்தின் ஓரணுத் தடிப்புள்ள தாளான கிராபீனை 2004இல் மான்செஸ்டரில் பிரித்தெடுத்தார்கள். 2013இல் சீனாவின் ஹெஃபேய் நகர ஆய்வாளர்கள் பொலியூரித்தேன் பஞ்சின் இழைகளில் கிராபீனைப் பூசினார்கள். அழுத்தும்போது இழைகள் ஒன்றையொன்று தொடும், மின்சாரத்துக்குப் புதிய பாதைகள் திறக்கும், தடை குறையும். எடிசனின் கரி வில்லை செய்த அதே வேலைதான். மறு ஆண்டு பிரித்தானிய, அயர்லாந்து ஆய்வாளர்கள் கடையில் வாங்கும் சாதாரண இறப்பர் பட்டிகளில் கிராபீனை ஊறவைத்து, மூச்சையும் நாடித்துடிப்பையும் அளந்து காட்டினார்கள்.

இறப்பர் நம் தோட்டங்களில் வடிகிறது. உயர்ந்த தூய்மைக்குப் பெயர்பெற்ற காரீயம் போகலயிலும் கஹட்டகஹவிலும் கிடைக்கிறது. நம் பிள்ளைகளோ இரண்டையும் ஏற்றுமதிப் பொருட்களின் பட்டியலில் மனனம் செய்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

பாரிசவாதத்தால் முடங்கிய கை இன்று எவ்வளவு அசைந்தது என்று சொல்லும் கையுறையை இத்தகைய பொருட்களால் செய்யலாம். அப்படியான உறவினர் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. பென்சில் கரி ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பிள்ளை கேட்டால், "பரீட்சைக்கு வராது" என்று நாம் வாயடைக்காதிருப்போம்.