ஹஜ் நோட்டும் வழிகாட்டிக்கான அன்பளிப்பும்

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. மக்காவிலும் மதீனாவிலும் ஸியாரத் இடங்களைக் காட்டும் வழிகாட்டிக்கு மனமுவந்து தரும் அன்பளிப்பை ரூபாயில் தருவதா, டாலரில் தருவதா, ரியாலில் தருவதா? கேள்வி சிறியதுதான். ஆயினும் இதற்கு விடை காண நம் முன்னோரின் ஹஜ் பயண வரலாறு பெரிதும் உதவும்.

கப்பலில் ஹஜ் சென்ற காலத்தில் ஹாஜிகளுக்குத் துணையாக நின்றவர்கள் முதவ்விஃப்கள். 'தவாஃப் செய்விப்பவர்' என்பது அச்சொல்லின் பொருள். தலைமுறை தலைமுறையாக இப்பணியைச் செய்த அவர்கள் தங்குமிடம், வாகனம், வழிபாட்டு முறை அனைத்திலும் வழிகாட்டினர். அவர்களுக்குரிய கட்டணமும் அன்பளிப்பும் அந்நாட்டில் செல்லும் பணமாக இருந்தாக வேண்டும். அன்று அங்கே வழங்கியது வெள்ளி ரியால். அதன் சுமையிலிருந்து ஹாஜிகளை விடுவிக்க, 1953ஆம் ஆண்டு சவூதி நாணய முகமை 10 ரியால் மதிப்புள்ள 'ஹாஜிகள் ரசீது'களை வெளியிட்டது. மக்கள் அவற்றையே பணமாகப் புழங்கத் தொடங்கினர். முறையான சவூதி காகித நோட்டுகள் 1961இல்தான் வெளிவந்தன.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. அக்காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார் முதலிய வளைகுடாப் பகுதிகளில் இந்திய ரூபாயே புழங்கியது. அங்கே ரூபாய் கொடுத்துத் தங்கம் வாங்கிக் கடத்துவது பெருகியதால், இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்தது. எனவே 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி நோட்டுகளையும், ஹாஜிகளுக்கென 10 ரூபாய், 100 ரூபாய் 'ஹஜ் நோட்டு'களையும் அச்சிட்டது. ஹஜ் நோட்டின் வரிசை எண் 'எச்.ஏ.' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும். சவூதியில் ரியாலாக மாற்றிக்கொள்வதற்கே அது பயன்பட்டது. அதையே காஞ்சிபுரம் கடைத்தெருவில் நீட்டினால் செல்லாது.

1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ரூபாயாயிற்று. வளைகுடாவில் ரூபாயாகச் சேமித்திருந்தவர்களின் பணம் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. குவைத்தும் பஹ்ரைனும் அதற்கு முன்பே சொந்த தீனாருக்கு மாறியிருந்தன. கத்தாரும் துபாயும் அவ்வாண்டே புதிய ரியாலுக்கு மாறின.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது, பணத்தின் பயன் அது செல்லும் இடத்தைப் பொறுத்தது என்பதே. கொடுப்பவர் கையில் பணமாக இருப்பது பெறுபவர் கையில் வெறும் காகிதமாகிவிடலாம்.

மார்க்கச் சட்டம் கூலியையும் அன்பளிப்பையும் வேறுபடுத்துகிறது. கூலி எனில் தொகையும் நாணயமும் முன்கூட்டியே தெளிவாகியிருக்க வேண்டும். பணி முடிந்ததும் தாமதமின்றித் தரவேண்டும். அன்பளிப்போ நம் விருப்பம். ஆனால், நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும் தரமற்ற பொருளைப் பிறருக்குச் செலவிட நாடவேண்டாம் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தரும் அறிவுரை. தர்மத்தைப் பற்றிய இந்த ஒழுக்கம் அன்பளிப்புக்கும் அழகு சேர்க்கும்.

காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு இதன் மறுபக்கமும் புரியும். கைலாசநாதர் கோயிலையும் பட்டுத் தறிகளையும் காண வரும் அயல்நாட்டவர், வழிகாட்டியின் கையில் தம் நாட்டுச் சில்லறைக் காசுகளை வைத்துச் சென்றால் அவர் என்ன செய்வார்? நாணய மாற்று நிலையங்கள் நோட்டுகளை வாங்கினாலும் அயல்நாட்டுக் காசுகளைப் பெரும்பாலும் வாங்குவதில்லை. கொடுத்தவர் மகிழ்ந்து செல்வார். பெற்றவருக்கோ ஒரு வேளை உணவுக்கும் அது உதவாது.

ஆகவே, பயணம் செல்லும் நம் குடும்பங்கள் அந்தந்த நாட்டு நாணயத்தில், கிழியாத சிறு நோட்டுகளைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நலம். சவூதியில் ரியால், வேறு நாடாயின் அந்நாட்டுப் பணம். டாலர்தான் கையில் உள்ளதெனில் காசாக அன்றி நோட்டாகத் தருவோம். பெறுபவர் அன்று மாலையே தம் வீட்டுக்கு ரொட்டி வாங்க உதவும் அன்பளிப்பே நிறைவான அன்பளிப்பு. அத்தகைய கொடையை அல்லாஹ் நம்மிடமிருந்து ஏற்றுக்கொள்வானாக.