மகனுக்காகச் செய்த வால்வு

மூளையின் அறைகளில் ஊறும் நீர் வடியாமல் தேங்கினால் குழந்தையின் பார்வைக்கும் உயிருக்கும் அபாயம். தோலுக்கடியில் மெல்லிய குழாய் பதித்து, அந்நீரை இருதயத்திற்கோ வயிற்றறைக்கோ வடியச் செய்வது மருத்துவர் கண்ட வழி. நீரின் போக்கைக் கட்டுப்படுத்துவது குழாயிலுள்ள வால்வு.

1960 டிசம்பரில் நியூயார்க் நகரில் டாக்ஸி மோதி, ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டாலின் நான்கு மாத மகன் தியோவுக்கு இந்நிலை நேர்ந்தது. பொருத்திய வால்வோ அடிக்கடி அடைத்துக்கொண்டது. மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை. இங்கிலாந்து திரும்பிய தந்தை, நுண்ணிய பம்புகள் செய்வதில் வல்ல பொறியாளர் ஸ்டான்லி வேடையும், லண்டன் மூளை அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் ஒன்றுசேர்த்தார். 1962-இல் எளிதில் அடைபடாத வால்வு உருவாயிற்று. அதற்குள் தியோ தேறிவிட்டான். அவனுக்கு அது தேவைப்படவில்லை. ஆயினும் மூவரும் இலாபம் நாடாது அதனை உலகுக்கு அளித்தனர். முகமறியாப் பெற்றோரின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அதனால் பயனுற்றனர்.