பெயர் கேட்காத வழங்கி: "அனுமதி மறுக்கப்பட்டது" வந்த கதை

குறுந்தகடு இல்லாமல் வலைப்பின்னல் வழியாகவே லினக்ஸ் நிறுவுகிறவர்களுக்குப் பழகிப்போன தலைவலி ஒன்று உண்டு: "அனுமதி மறுக்கப்பட்டது". கோப்பு இருக்கிறது, பெயர் சரி, கேபிளும் சரி. வழங்கியில் ரூட்டாக நுழைந்து பார்த்தால் அதே கோப்பு அழகாகத் திறக்கிறது! அப்புறம் யாருக்குத்தான் மறுக்கிறது?

பதில் 1981-ல் இருக்கிறது. அந்த ஆண்டு எம்.ஐ.டி.யைச் சேர்ந்த காரென் சோலின்ஸ் டி.எஃப்.டி.பி. என்ற நெறிமுறையை ஆர்.எஃப்.சி. 783 ஆக எழுதினார் (மூல வடிவமைப்பு நோயல் சியாப்பாவுடையது). எளிமைதான் அதன் நோக்கம். கோப்பை 512 பைட் துண்டுகளாக அனுப்பும், அவ்வளவுதான். அடைவில் என்ன இருக்கிறது என்று காட்டாது. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கேட்காது. தெருக்குழாய் மாதிரி, குடம் யாருடையது என்ற விசாரணையே கிடையாது. இவ்வளவு சிறியதாக இருந்ததால், வட்டே இல்லாத கணினியின் ரோம் சில்லுக்குள்ளும் அதை அடக்க முடிந்தது.

யுனிக்ஸுக்கு இது பெரிய சங்கடம். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று வகை அனுமதி. பெயர் சொல்லாமல் வருபவரை எதில் சேர்ப்பது? பெர்க்லி யுனிக்ஸ் "மற்றவர்" பக்கம் தள்ளியது. எல்லாரும் படிக்கலாம் என்று குறித்த கோப்பை மட்டுமே கொடுத்தது. ஆனால் அந்தக் காலத்தில் கடவுச்சொல் கோப்பும் "எல்லாரும் படிக்கலாம்" வகைதான்! உருமாற்றிய வடிவில் இருந்தாலும், அதை வெளியூரில் இருந்தே எடுத்துக்கொண்டு போய்ச் சாவகாசமாக உடைக்கலாம். 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு இந்தத் தாக்குதல்களைப் பற்றியே தனி எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. வழங்கியை ஒரே அடைவுக்குள் பூட்டி வைக்கும் வழக்கம் இப்படித்தான் பரவியது.

1999-ல் இன்டெல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 இதே நெறிமுறையைத்தான் எடுத்துக்கொண்டது. அதனால் பழைய விதியும் கூடவே வந்துவிட்டது. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட, டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸை நிறுவினாலும் கதை இதுதான்.

ஆக, ரூட்டாகத் திறந்து பார்ப்பது சோதனையே அல்ல. "மற்றவர்" கண்ணால் பார்க்க வேண்டும். கோப்புக்கு 644, அடைவுக்கு 755. மேலே உள்ள ஒரு அடைவு 700 ஆக இருந்தாலும் வழி அடைபட்டுவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: ரெட்ஹேட் குடும்பத்தில் நிறுவல் முடிந்ததும் ரூட்டின் அடைவில் கிடைக்கும் கிக்ஸ்டார்ட் கோப்பு. அதில் ரூட்டின் கடவுச்சொல் உருமாற்றிய வடிவில் இருப்பதால் அனுமதி 600. அதை அப்படியே வலை வழங்கிக்கு நகர்த்தினால் 403 பிழைதான் வரும். 644 ஆக்கினால் வேலை நடக்கும், ஆனால் 1991-ன் பிரச்சினையும் திரும்ப வந்துவிடும்! கோப்பில் தற்காலிகக் கடவுச்சொல்லை வைத்து, நிறுவி முடிந்ததும் மாற்றிவிடுவது மேல்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் செலினக்ஸைச் சந்தேகிக்கலாம். 2000 டிசம்பரில் வெளியான இது, எண்ணுக்கு மேல் ஒரு முத்திரையும் பார்க்கும். வீட்டு அடைவிலிருந்து கோப்பை நகர்த்தினால் பழைய முத்திரையும் கூடவே வரும். நகலெடுத்தால் பொதுவாகப் புது இடத்தின் முத்திரை விழும்.